ஹீட்டர் சூடாகவில்லையா? முதலில் இரண்டு ஓஸையும் தொட்டுப் பாருங்கள்

கடலூர் வெயிலில் கார் ஹீட்டர் எதற்கு என்று கேட்பவர்கள், ஐப்பசி அடைமழையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாலு பேரோடு சிதம்பரம் ரோட்டில் ஒருமுறை போக வேண்டும். பத்து நிமிடத்தில் முன் கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து எதிரே வரும் வண்டி தெரியாது. துணியால் துடைத்தால் இரண்டு நிமிடம் தாங்கும். ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று வரும்படி லீவரை வைத்து, காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புவதுதான் சரியான வழி. ஏசி காற்றின் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும். மார்கழியில் ஏற்காடு, கொடைக்கானல் போகிறவர்களுக்குத் தேவை சொல்லாமலே புரியும்.

இந்தப் பக்கத்தில் ஹீட்டர் லீவரை வருடத்தில் பதினோரு மாதம் யாரும் தொடுவதில்லை. அதனால் ஹீட்டர் கோளாறு ஹீட்டர் கோளாறாக வெளியே தெரியாது. ‘ஏசி முன்போல் குளிரவில்லை’, ‘இடது பக்க மேட் ஈரமாக இருக்கிறது’, ‘ஒழுகல் எதுவும் தெரியவில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது’ என்று வேறு பெயரில்தான் ஷெட்டுக்கு வரும்.

இங்கே சொல்வது மாருதி 800, ஜென், எஸ்டீம், சான்ட்ரோ, இண்டிகா, முதல் தலைமுறை ஸ்விஃப்ட் போன்ற பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். ஓஸ் இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும், சோதிக்கும் முறை மாறாது.

என்ன நடக்க வேண்டும்

இன்ஜினில் சூடான கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர்) ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஓஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் அதை ஹீட்டர் காயில் என்பார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஏசியின் கூலிங் காயில் வேறு, இது வேறு. புளோயர் காற்றை இந்தக் காயில் வழியாகத் தள்ளும்போது சூடான காற்று வரும்.

சூட்டைக் கூட்டிக் குறைக்க இரண்டு விதமான ஏற்பாடு உண்டு. ஒன்றில் ஓஸின் நடுவே ஒரு வால்வு இருக்கும், லீவரை நகர்த்தினால் கேபிள் அதைத் திறந்து மூடும். இன்னொன்றில் சுடுதண்ணீர் எப்போதும் காயிலுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றைக் காயில் பக்கம் திருப்பவோ தடுக்கவோ உள்ளே ஒரு கதவு இருக்கும். பானெட்டைத் திறந்து ஹீட்டர் ஓஸோடு கண்ணை ஓட்டுங்கள். கேபிள் மாட்டிய வால்வு தெரிந்தால் உங்களுடையது முதல் வகை.

தண்ணீர் அளவு

எந்தச் சோதனைக்கும் முன்னால், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் அரைவயிறாக இருக்கும். கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும்.

சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அடித்திருப்பார்கள். அது உள்ளே நிற்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது கொதித்துப் பொங்கி, ஆவியோடு சேர்ந்து முகத்துக்கு வரும். ஈரத்துணி போட்டு மெதுவாகத் திருகினால் ஒன்றும் ஆகாது என்பதை நம்ப வேண்டாம். ரேடியேட்டரின் மேல் ஓஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். கல்போல் விறைத்திருந்தால் இன்னும் அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

தண்ணீர் குறைவாக இருந்தாலே ஹீட்டர் குளிர்ந்துவிடும். ஹீட்டர் காயில் பெரும்பாலும் உயரத்தில் இருக்கும், தண்ணீர் இறங்கினால் முதலில் காற்று ஏறுவது அங்கேதான். டெம்பரேச்சர் முள் சரியாகக் காட்டுகிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சென்சார் தண்ணீரில் முழுகாமல் காற்றில் நின்றால், இன்ஜின் கொதிக்கும்போதும் முள் அமைதியாகத்தான் இருக்கும்.

இரண்டு ஓஸ்

அளவு சரியாக இருந்தால் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். ஹீட்டர் லீவர் முழுச் சூட்டில், புளோயர் நடுத்தர வேகத்தில் இருக்கட்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கேபின் பக்கத் தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஓஸையும் தொட்டுப் பாருங்கள். கட்டைவிரல் தடிமன் இருக்கும், அருகருகே போகும். கை, சட்டை, துண்டு எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. மின்சார ஃபேன் சொல்லாமல் சுற்ற ஆரம்பிக்கும்.

இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் தண்ணீர் பக்கம் சரி. கோளாறு காற்றுப் பக்கம்: கதவு, கேபிள், புளோயர்.

ஒன்று சுட்டு, இன்னொன்று வெதுவெதுப்பாகவோ குளிர்ந்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் திரும்பவில்லை. வால்வு மூடியிருக்கிறது, அல்லது காயில் அடைத்திருக்கிறது, அல்லது காற்று சிக்கியிருக்கிறது.

இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் இன்ஜினே போதிய சூட்டுக்கு வரவில்லை, அல்லது தண்ணீர் பம்ப் தள்ளவில்லை.

நூறு டிகிரிக்கு மேல் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் இன்னும் தெளிவாகும். உள்ளே போகும் ஓஸ் 80 டிகிரியை ஒட்டியும், திரும்பும் ஓஸ் அதைவிடப் பத்திருபது டிகிரி குறைவாகவும் காட்டினால் நல்ல காயில். வித்தியாசம் 30, 40 என்று போனால் காயிலுக்குள் தண்ணீர் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

ஹீட்டர் எப்போது சூடாகிறது என்பதையும் கவனியுங்கள். மஞ்சக்குப்பம் டிராஃபிக்கில் நிற்கும்போது சூடாக வந்து, ஈசிஆரில் வேகமெடுத்ததும் குளிர்ந்தால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடி நிற்கிறது, அல்லது தெர்மோஸ்டாட்டே இல்லை. நேர்மாறாக, ஆக்சிலேட்டர் மிதித்தால் சூடு, ஐடிலில் குளிர் என்றால் தண்ணீர் குறைவு, காற்று, அல்லது பம்பின் இறக்கை அரிப்பு.

காணாமல் போன தெர்மோஸ்டாட்

இரண்டு ஓஸும் வெதுவெதுப்பாக இருந்தால், நம் பக்கத்து வண்டிகளில் முதல் சந்தேகம் இதுதான். ‘வண்டி ஹீட் ஆகுது’ என்று ஷெட்டுக்குப் போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது பழைய பழக்கம். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. தேவனாம்பட்டினம், முதுநகர், அந்தப் பக்கம் அரியாங்குப்பம் எங்கும் குழாயடியில் வெள்ளை படிவதைப் பார்க்கலாம். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், கொதிக்கக் கொதிக்க அந்த வெள்ளை உள்ளே படிகிறது. ரேடியேட்டர் அடைக்கிறது, வண்டி ஹீட் ஆகிறது, தெர்மோஸ்டாட் வெளியே போகிறது. கடைசியில் ஹீட்டர் சூடாவதில்லை. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். சில இன்ஜின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் தெர்மோஸ்டாட்தான். அவற்றில் அதை எடுத்துவிட்டால் ஒரு பங்கு சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பும், டிராஃபிக்கில் சூடு இன்னும் கூடும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஓஸில் கை வையுங்கள். சில நிமிடங்களுக்கு அது குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். ஆரம்பத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடானால் தெர்மோஸ்டாட் அடைப்பதில்லை.

கழற்றிப் பார்க்கும்போது அதன் மேல் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 82, 88 என்று இருக்கும், அதுதான் திறக்க ஆரம்பிக்கும் சூடு. ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் படாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு காய்ச்சுங்கள். அந்த எண்ணை ஒட்டித் திறந்து, அதற்கு மேல் பத்து டிகிரிக்குள் நன்றாக விரிய வேண்டும். அறைச் சூட்டிலேயே இடைவெளி தெரிந்தால் தூக்கிப் போடலாம். புதியதை மாட்டும்போது ஸ்பிரிங் இன்ஜின் பக்கம், ஆடும் சின்ன ஊசி மேல்பக்கம், கேஸ்கெட் புதிது. ரேடியேட்டர் அடைத்திருக்கும் வண்டியில் அதைச் சுத்தம் செய்யாமல் தெர்மோஸ்டாட்டை மட்டும் போட்டால் வண்டி பழையபடி ஹீட் ஆகும், பழி தெர்மோஸ்டாட் மேல் விழும். முதலில் ரேடியேட்டர் கடை, பிறகு தெர்மோஸ்டாட்.

காற்று எடுப்பது

கூலன்ட் மாற்றிய பிறகோ ஓஸ் மாற்றிய பிறகோ ஹீட்டர் நின்றுபோனால், டேஷ்போர்டுக்குள் களகளவென்று தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால், அது ஏர் லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. முன் சக்கரங்களைச் சரிவான இடத்தில் மேடாக நிறுத்துங்கள், ரேடியேட்டரின் கழுத்துதான் மிக உயரமான இடமாக இருக்க வேண்டும். ஹீட்டர் லீவர் முழுச் சூட்டில். மூடியைத் திறந்தபடி, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க நிரப்புங்கள், நடுநடுவே மேல் ஓஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழ் வந்துகொண்டிருக்கும். ஹீட்டர் ஓஸிலோ தெர்மோஸ்டாட் மூடியிலோ காற்று விடும் ஸ்குரு இருந்தால் அதைத் தளர்த்தி, காற்று நின்று கூலன்ட் மட்டும் ஒழுகும்போது இறுக்குங்கள். தண்ணீர் பொங்கி வரத் தொடங்கினால் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு மறுபடி அளவு பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எத்தனை முறை எடுத்தாலும் காற்று திரும்பத் திரும்ப வந்தால், இன்ஜின் ஓடும்போது கழுத்தில் விடாமல் சின்னச் சின்னக் குமிழ் வந்தால், ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும். அது ஹீட்டர் வேலை அல்ல, வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அடைத்த காயிலைக் கழுவுவது

ஒரு ஓஸ் சூடு, ஒரு ஓஸ் குளிர், வால்வு திறந்திருக்கிறது, காற்றும் இல்லை. அப்படியென்றால் காயில் அடைத்திருக்கிறது. டேஷ்போர்டைப் பிரிக்காமலே இதை ஓரளவு சரிசெய்யலாம்.

இன்ஜின் ஆறிய பிறகு இரண்டு ஓஸையும் இன்ஜின் பக்க முனையில் கழற்றுங்கள். காயிலின் குழாயில் ஒட்டியிருக்கும் முனையை இழுத்து முறுக்க வேண்டாம், பழைய குழாய் வளைந்தால் கதை முடிந்தது. ஓஸ் வராவிட்டால் கத்தியால் நீளவாக்கில் கிழித்து எடுத்துவிட்டுப் புது ஓஸ் போடுவது மலிவு. திரும்பும் ஓஸ் வழியாகத் தண்ணீரை விடுங்கள், உள்ளே போகும் ஓஸ் வழியாக அழுக்கு வெளியே வரட்டும். எதிர்த்திசையில் தள்ளினால்தான் சிக்கியிருப்பது கழன்று வரும்.

அழுத்தத்தில் கவனம் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் போதும். மோட்டாரிலிருந்து நேராகவோ, வாட்டர் சர்வீஸ் கன்னாலோ, கம்ப்ரசர் காற்றாலோ தள்ளினால் பழைய காயில் உள்ளேயே வெடிக்கும். அதன் பிறகு டேஷ்போர்டைப் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

அடைப்பு எவ்வளவு என்று அளக்க ஒரு வாளி போதும். தண்ணீர் வரும் குழாயை நேராக வாளியில் விட்டு நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதே குழாயைக் காயில் வழியாக விட்டு அளங்கள். ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் கவலையில்லை. மூன்று நான்கு மடங்கு ஆனால் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசல் தேவை: ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம். புனல் வைத்து ஊற்றி, இரண்டு ஓஸையும் மேலே தூக்கிக் கட்டி அரை மணி நேரம் விட்டு, எதிர்த்திசையில் கழுவுங்கள். துருநிறத்தில் வரும். வரும் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று முறை செய்யலாம், ஆனால் இரவு முழுக்க ஊற வைக்கக் கூடாது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்றுவிடும். கடைசியாக இரண்டு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் விட்டு அலசினால் குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே தங்காது.

திரும்ப நிரப்புவது பாட்டிலில் ரெடி மிக்ஸ் என்று போட்டிருக்கும் கூலன்ட், அல்லது கான்சன்ட்ரேட்டோடு லேபிளில் சொன்ன அளவு டிஸ்டில்டு வாட்டர். இங்கே தண்ணீர் உறையப் போவதில்லைதான். ஆனால் கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் மருந்து இருக்கிறது, நமக்கு வேண்டியது அதுதான். வழியில் அவசரமென்றால் குடிநீர் கேன் தண்ணீர் தேவலை, போர் தண்ணீர் வேண்டாம். எடுத்த பழைய கூலன்ட்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கும், கொஞ்சமே போதும் அவற்றின் சிறுநீரகம் போய்விடும்.

ஈரமான மேட்: ஏசி தண்ணீரா, கூலன்ட்டா?

ஒரு வெள்ளை டிஷ்யூவை ஈரத்தில் ஒற்றுங்கள். நிறமில்லாமல், வாசனையில்லாமல், விரலில் வழவழப்பு இல்லாமல் இருந்தால் ஏசி தண்ணீர். வெளியே சொட்ட வேண்டியது டிரெயின் குழாயில் தூசியும் சருகும் அடைத்து உள்ளே வழிகிறது. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு இதுதான் அடிக்கடி நடக்கும். பச்சையோ சிவப்போ சாயல், பிசுபிசுப்பு, இனிப்பு கலந்த வாசனை இருந்தால் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. புளோயரைப் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் படிந்து, துடைத்தால் இழுகினாலும் அதே காரணம்தான்.

இரண்டு ஓஸும் சூடு, காற்று மட்டும் குளிர்

லீவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்த்தும்போது உள்ளே கதவு ‘டப்’ என்று அடைபடும் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் இல்லாமல் லீவர் லேசாக ஓடினால் கேபிள் கழன்றிருக்கிறது. நகரவே முடியாமல் இறுகினால் உப்புக்காற்றில் கேபிள் துருப்பிடித்திருக்கிறது. பலம் கொடுத்தால் பிளாஸ்டிக் லீவர் உடையும். கேபிள் முனையைக் கழற்றி, கொஞ்சம் துரு நீக்கும் ஸ்பிரே விட்டு, கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தளர்த்துங்கள். கிளிப்பை மறுபடி மாட்டும்போது லீவரும் கதவும் ஒரே கோடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவு கால்வாசி திறந்தே நிற்கும்.

ஏசி குளிரவில்லை என்ற புகார் பல சமயம் இங்கேதான் ஒளிந்திருக்கும். கதவோ வால்வோ முழுக்க மூடாமல், சுடுகாயில் குளிர்காற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும். கேஸ் நிரப்பக் காசு கொடுக்கும் முன், ஹீட்டருக்குப் போகும் ஓஸை ஒரு மழுங்கிய கிளாம்ப்பால் அமுக்கி அடைத்துவிட்டு, பத்து நிமிடம் ஏசி ஓட்டி, வென்ட்டில் தெர்மாமீட்டர் வையுங்கள். நாலைந்து டிகிரி இறங்கினால் கேஸில் குறையில்லை. ஓஸ் வெடிப்பு விழுந்த பழசாக இருந்தால் அமுக்காதீர்கள், அங்கேயே கிழியும்.

புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கிறது. புளோயர் பெட்டியிலேயே இரண்டு ஸ்குருவில் இருக்கும். மாட்டும் முன் கனெக்டரைப் பாருங்கள், கருகியிருந்தால் அதையும் சேர்த்து மாற்றாமல் புது ரெசிஸ்டர் நீடிக்காது. எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃபியூஸ், பிறகு மோட்டார் முனையில் மல்டிமீட்டர். முழு வேகத்தில் பேட்டரி வோல்ட்டேஜைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை. எர்த் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருப்பது கடலோர வண்டிகளில் சாதாரணம். சுரண்டி, பளபளப்பாக்கி, வாசலின் தடவி இறுக்குங்கள்.

காற்று மெலிந்து வந்தால் புளோயரைக் கழற்றிப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் நிற்கும் வண்டியில் ஒரு கூடைச் சருகு வரும், சில சமயம் எலிக்கூடு. சேறு வந்தால் யோசிக்க வேண்டும். 2015 மழையிலும், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலிலும், அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளத்திலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் எத்தனையோ வண்டிகள் முழுகின. சீட்டும் மேட்டும் புதிதாகப் போட்டு விற்றிருந்தாலும் புளோயர் பெட்டியின் மூலையில் வண்டல் தங்கியிருக்கும். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டிய இடம் அது.

காயில் ஒழுகினால்

புது காயில் போட டேஷ்போர்டைப் பிரிக்க வேண்டும், பல வண்டிகளில் ஒரு முழு நாள் வேலை. அதுவரை வண்டி ஓட வேண்டுமென்றால் இன்ஜின் பக்கத்தில் இரண்டு ஹீட்டர் முனைகளையும் ஒரே ஓஸால் வளைத்து இணைத்துவிடலாம். கட்டை அடித்து இரண்டையும் அடைப்பதைவிட இது மேல், பைபாஸ் ஓட்டம் நிற்காது. ஓஸ் மடங்கி ஒடியாமல் வளைவு பெரிதாக இருக்கட்டும், கிளிப் புதிதாகப் போடுங்கள், முடிந்ததும் காற்று எடுங்கள். ஒழுகலை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் போடுவது கடைசி வழிகூட அல்ல, அது நல்ல குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

ஹீட்டர் இல்லாத காலத்தில் மழை பிடித்தால் வெளிக்காற்றில் ஏசி மட்டும் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்பினால் உள்பக்கம் தெளியும். கண்ணாடி ரொம்பக் குளிர்ந்தால் வெளிப்பக்கம் ஆவி படியும், அப்போது வைப்பரை ஒரு தடவை போட்டுவிட்டு ஏசியைச் சற்றுக் குறையுங்கள்.